அம்மா ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், தாடையில் எலும்புத் தூள் வைக்கலாமா?

பர்மாவின் தாட்டோன் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது, முடக்கு வாதம். மூன்று வருஷமாகத் தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். மேல்தாடையில் கடைவாய்ப் பற்கள் விழுந்து எலும்பு தேய்ந்துவிட்டதால், ரங்கூனில் பார்த்த பல் டாக்டர் சைனஸ் லிஃப்ட் (மேல்தாடைக்கு மேலே இருக்கும் சைனஸ் அறையின் சவ்வை உயர்த்தி இடம் உண்டாக்குவது) செய்து எலும்புத் தூள் வைத்து, அப்புறம் இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், போடலாம் என்றிருக்கிறார். "ஸ்டீராய்டு சாப்பிட்டால் அந்தத் தூள் கரைந்துவிடும், ஒரு வாரம் முன்னாடியே மாத்திரையை நிறுத்திவிடு" என்று சித்தி சொல்கிறாராம். அதே பல் டாக்டர் ஆபரேஷன் அன்று வீக்கம் வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு ஊசி போடுவேன் என்றும் சொன்னதால், ஸ்டீராய்டு கெடுதல் என்றால் டாக்டரே ஏன் போடுகிறார் என்று குழம்பிப்போயிருக்கிறார்.

தம்பி, நான் ரங்கூனில் பல், தாடை அறுவை சிகிச்சை செய்கிறவன். இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டால் எலும்புத் தூள் கரையாது. அன்றைக்குப் போடும் ஒரு ஊசியைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். கவலைப்பட வேண்டியது அந்த மூன்று வருஷ மாத்திரையைப் பற்றி. அதுவும்கூட "செய்யவே கூடாது" என்று சொல்லும் காரணம் இல்லை, திட்டத்தை மாற்றிப் போட வேண்டிய காரணம்.

தாடையில் வைக்கும் தூள் பெரும்பாலும் உயிரற்ற பொருள்தான். மாட்டெலும்பிலிருந்து புரதத்தையெல்லாம் நீக்கிவிட்டுத் தாதுப்பொருளை மட்டும் எடுத்தது ஒரு வகை, பயோ-ஆஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பை உறைய வைத்து உலர்த்தியது இன்னொரு வகை. பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸி அபடைட் என்று தொழிற்சாலையில் செய்வதும் உண்டு. நோயாளியின் சொந்தத் தாடையிலிருந்து சுரண்டி எடுக்கும் எலும்பில் மட்டும்தான் உயிருள்ள செல்கள் இருக்கும். மற்றதெல்லாம் கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் மூங்கில் சாரம் மாதிரி. சாரம் தானாகச் சுவர் எழுப்பாது, அதில் ஏறி நின்று வேலை செய்யக் கொத்தனார் வர வேண்டும். நம் உடம்பில் அந்தக் கொத்தனார்தான் ஆஸ்டியோபிளாஸ்ட் என்கிற எலும்பு கட்டும் செல். ஸ்டீராய்டு மூங்கிலைத் தொடுவதில்லை, கொத்தனார்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. அதனால் "எந்தப் பிராண்டு தூள் ஸ்டீராய்டுக்கு ஒத்துப்போகும்" என்று தேடுவதைவிட, அம்மாவின் உடம்பில் எலும்பு கட்டும் வேலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

கொத்தனார் எப்படிக் குறைகிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எடுக்கிற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது. எலும்பு மஜ்ஜையில் ஒருவகைத் தாய்ச் செல்கள் இருக்கின்றன, அவை எலும்புச் செல்லாகவும் ஆகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு அவற்றைக் கொழுப்பின் பக்கம் தள்ளுகிறது. ஏற்கெனவே இருக்கும் ஆஸ்டியோபிளாஸ்டுகளும், எலும்புக்குள் பதிந்திருக்கும் ஆஸ்டியோசைட்டுகளும் ஆயுள் முடியும் முன்பே சாகின்றன. எலும்பைக் கட்டச் சொல்லும் விண்ட் என்ற சமிக்ஞை மங்குகிறது. இன்னொரு பக்கம், எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டும் ரேங்க்-லிகண்ட் கூடுகிறது, அதைத் தடுக்கும் ஆஸ்டியோபுரோடெஜரின் குறைகிறது. புதிதாக ரத்தக் குழாய் முளைப்பதும் சுணங்குகிறது. இது நம் விஷயத்தில் ரொம்ப முக்கியம், ஏனென்றால் தூளுக்குள் ரத்தக் குழாய் நுழைந்த பிறகுதான் அங்கே எலும்பு வரும். இதற்கெல்லாம் மேல், குடலில் கால்சியம் சேர்வது குறைந்து, சிறுநீரில் வெளியேறுவது கூடுகிறது. எலும்பு தேய்வது ஸ்டீராய்டு ஆரம்பித்த முதல் 3 முதல் 6 மாதத்திலேயே வேகமாக நடக்கிறது. தினம் 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ 3 மாதத்தைத் தாண்டிச் சாப்பிடுகிற எல்லாருக்கும் எலும்பு முறியும் அபாயத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க வாத நோய் மருத்துவர்களின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. உங்கள் அம்மா எடுப்பது அதைப் போல நாலு மடங்கு.

ஸ்டீராய்டு கொடுத்து எலும்பைப் பலவீனமாக்கிய விலங்குகளில் எலும்புத் தூள் வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் இதே கதைதான் தெரிகிறது. தூள் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றிப் புதிதாக வரும் எலும்பு குறைவாக, தாமதமாக வருகிறது. மனிதர்களில், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு இம்ப்ளாண்ட் கட்டாயம் தோற்றுப்போகும் என்று காட்டும் உறுதியான சான்று எதுவும் இல்லை. தாடை எலும்பு முதுகெலும்பு அளவுக்கு இதில் அடிபடுவதும் இல்லை. ஆனால் மேல்தாடையின் பின்பகுதி இயல்பிலேயே பஞ்சு போன்ற எலும்பு, அம்மாவுக்கு வேலை செய்யப்போவது சரியாக அந்த இடத்தில்தான். அதனால் நான் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே ஒரு வினோதம் உண்டு. பரிசோதனைக் கூடத்தில் தாய்ச் செல்களை எலும்புச் செல்லாக மாற்ற வேண்டுமென்றால், அந்தத் திரவத்தில் வைட்டமின் சி, கிளிசரோபாஸ்பேட்டோடு சேர்த்துப் போடும் மூன்றாவது பொருள் டெக்ஸாமெத்தசோன்! மிகமிகக் கொஞ்சமாகப் போட்டால் அதே மருந்து எலும்பின் பக்கம் தள்ளுகிறது. இதை வைத்துத்தான் எலும்புத் தூளிலேயே டெக்ஸாமெத்தசோனை ஏற்றி மெதுவாகக் கசிய விடலாமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. எனக்கு இதில் நிஜமாகவே ஆர்வம் உண்டு. ஆனால் அது ஆராய்ச்சிக் கூடத்து விஷயம், அளவைக் கொஞ்சம் தாண்டினாலும் பலன் தலைகீழாகிவிடும். யாராவது ஊசி மருந்தை உடைத்துத் தூளோடு கலந்து வைப்பதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, ஆபரேஷன் அன்று போடும் ஊசிக்கு வருவோம். 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனும் 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனும் ஏறக்குறைய ஒரே வலிமை. பல் டாக்டர் 8 மில்லிகிராம் டெக்ஸா போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது சுமார் 53 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே தடவை. அம்மா மூன்று வருஷத்தில் சாப்பிட்டது கிட்டத்தட்ட 11,000 மில்லிகிராம். எலும்பைப் பொறுத்தவரை நாள் கணக்குத்தான் பெரிது. தூள் வைத்த முதல் சில நாளில் வரும் வீக்கத்துக்கும் ஒரு வேலை உண்டு என்பது உண்மைதான், அந்த அழற்சிதான் எலும்பு கட்டும் செல்களை அந்த இடத்துக்குக் கூப்பிடுகிறது, அதை முழுக்க அமுக்குவது நல்லதல்ல. ஆனால் ஒரு டோஸ் அதை முழுக்க அமுக்காது, வீக்கத்தையும் வாய் திறக்க முடியாமல் போவதையும் குறைக்கும், தையல் மேல் இழுப்பு குறையும். வீக்கம் முட்டித் தையல் பிரிந்து தூள் வெளியே தெரிந்தால்தான் அதிக நஷ்டம். ஒன்று அல்லது இரண்டு நாள் என்றால் எனக்குச் சம்மதம். ஒரு வாரம், பத்து நாள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். அம்மா ஏற்கெனவே ஸ்டீராய்டில் இருப்பதால், அந்த ஊசி தேவையா என்பதை வாத நோய் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்வதே நல்லது.

சித்தி சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் சுரக்கிறது, ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமமான அளவு. வெளியிலிருந்து மூன்று நாலு வாரத்துக்கு மேல் அதைவிட அதிகமாக வந்தால் சுரப்பி தூங்கிவிடும். மூன்று வருஷம் தூங்கிய சுரப்பி ஒரே வாரத்தில் எழுந்துகொள்ளாது. அந்த நேரத்தில் ஆபரேஷன், வலி, பயம் எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தி, மயக்கம் என்று போய் உயிரே போகலாம். அப்படியே ஒரு வாரம் நிறுத்தினாலும் எலும்புக்கு ஒரு லாபமும் இல்லை, மூட்டு வலிதான் திரும்பி வரும். ஆகவே ஆபரேஷன் அன்று காலை வழக்கமான மாத்திரை கட்டாயம் போட வேண்டும். தாட்டோனிலிருந்து இரவு பஸ் ஏறி விடிகாலையில் ரங்கூன் வந்து, வெறும் வயிற்றோடு மாத்திரையும் போடாமல் நேராகக் கிளினிக்குக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டுக் காலை நேரத்திலேயே ஆபரேஷனை முடித்துக்கொள்ளுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சின்ன வேலைக்கு வழக்கமான டோஸே பெரும்பாலும் போதும். சைனஸ் லிஃப்ட் கொஞ்சம் பெரிய வேலை, கூடுதல் டோஸ் தேவையா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் அம்மாவுக்குத் தான் ஸ்டீராய்டு சாப்பிடுவது தெரியும், அதுவே பெரிய பாதுகாப்பு. பர்மாவில் எத்தனையோ பேருக்குத் தெரியாது. உடம்பு வலி, மூட்டு வலி என்று கடையில் போய் நின்றால், நாலைந்து மாத்திரையைச் சேர்த்து ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுக்கிறார்கள். பெயர் கிடையாது, அட்டை கிடையாது, அதில் சின்னதாக ஒன்று டெக்ஸாவாகவோ பிரெட்னிசோலோனாகவோ இருக்கலாம். போட்டதும் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், "ரொம்ப நல்ல மருந்து" என்று மாதக்கணக்கில் தொடர்வார்கள். நாட்டு மருந்துப் பொடி என்று விற்பதிலும் ஸ்டீராய்டு கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மூட்டுக்குள் போடும் ஊசியையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பல் டாக்டர் "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்று பதில் வரும். அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் முகம் உருண்டையாகியிருக்கிறதா, தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கும் எல்லாப் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். நீங்களும் அதைச் செய்யுங்கள், அம்மா பக்கத்துக் கடையில் வாங்குவது உட்பட.

அந்தப் பையில் நான் முதலில் தேடுவது ஸ்டீராய்டைக்கூட இல்லை, எலும்பு தேய்வுக்கான மருந்தை! நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பைக் காக்க வேறு மருந்தும் கொடுப்பார்கள், கொடுக்கவும் வேண்டும். வாரம் ஒரு தடவை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை இருந்தால் அது அலெண்ட்ரோனேட் மாதிரி ஒன்றாக இருக்கும். வருஷம் ஒரு முறை டிரிப்பில் ஏற்றினால் சோலெட்ரோனிக் அமிலம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி என்றால் டெனோசுமாப். இந்த மருந்துகள் எலும்பு அரிப்பைத் தடுக்கின்றன, நல்லதுதான். ஆனால் இவற்றைப் பயன்படுத்துகிறவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்திலோ ஆபரேஷன் செய்த இடத்திலோ புண் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்து செத்துப்போவது உண்டு. 2003-இல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர் இதை எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. எலும்பு தேய்வுக்காக மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது அபூர்வம், ஆனால் கூடவே ஸ்டீராய்டும் சேர்ந்தால் அபாயம் கூடுகிறது. அலெண்ட்ரோனேட் வருஷக்கணக்கில் எலும்பிலேயே தங்கும், ஒரு வாரம் நிறுத்தினால் போய்விடாது. டெனோசுமாப் நேர் எதிர், அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டால் எலும்பு சடசடவென்று கரைந்து முதுகெலும்பு முறியக்கூடும். அதனால் இதையும் நீங்களாக நிறுத்தவோ தள்ளவோ கூடாது. எந்தத் தேதியில் என்ன மருந்து போட்டது என்று எழுதிக் கொடுங்கள், ஆபரேஷன் தேதியை அதற்கேற்ப வைப்பது டாக்டர்களின் வேலை.

எந்தத் தூள் வைப்பது என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன், வேறு டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கலாம். உங்கள் அம்மா மாதிரி ஒருவருக்கு மெதுவாகக் கரையும் பொருளைத்தான் நான் விரும்புவேன். சீக்கிரம் கரைகிற பொருள் வைத்தால், அது கரையும் வேகத்துக்கு ஈடு கொடுத்துச் சொந்த எலும்பு வளராமல், சில மாதத்தில் இடம் மறுபடி சுருங்கிவிடலாம். மாட்டெலும்புத் தாது வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும், இடம் சுருங்காது. ஆனால் நம் வீடுகளில் மாட்டு இறைச்சியே உள்ளே வராது, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வாயில் வைப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். மேலே மூடும் கொலாஜன் சவ்வு பல நேரம் பன்றியிலிருந்து வருவது, முஸ்லிம் வீடுகளில் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எது எதிலிருந்து வருகிறது என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஹைட்ராக்ஸி அபடைட் கலந்த செயற்கைத் தூள் இருக்கிறது, அதில் கரையாத பங்கு அதிகம் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். கூடவே அம்மாவின் தாடையிலிருந்து கொஞ்சம் சொந்த எலும்பைச் சுரண்டிக் கலந்தால் உயிருள்ள செல்களும் போய்ச் சேரும், மூன்று வருஷ ஸ்டீராய்டால் அவையும் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கலப்பது நல்லது. அவருடைய ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் தயாரிக்கும் பி.ஆர்.எஃப். என்ற ஜவ்வையும் சேர்க்கலாம். 2001-இல் பிரான்ஸில் வந்த முறை, செலவு குறைவு, மேல் சதை ஆறுவதற்கு உதவும். எலும்பையே அதிகமாக வளர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் அவ்வளவு தூரம் நம்ப வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தில் அவசரமே கூடாது. மற்றவர்களுக்கு சைனஸ் லிஃப்ட் செய்து சுமார் ஆறு மாதத்தில் இம்ப்ளாண்ட் போடலாம் என்றால், இவருக்கு எட்டு ஒன்பது மாதம் விடுவேன். தூளும் இம்ப்ளாண்டும் ஒரே நாளில் என்று பேசினால் சம்மதிக்காதீர்கள், இரண்டு கட்டமாகவே செய்யட்டும். எக்ஸ்ரேயில் வெள்ளையாக நிறைந்து தெரிவதை வைத்து எலும்பு வந்துவிட்டது என்று முடிவு செய்யவும் முடியாது, தூளே வெள்ளையாகத்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரையைப் பாருங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அதுவும் மத்தியானத்துக்கு மேல்தான் ஏற்றும், காலை வெறும் வயிற்று ரத்தத்தில் சரியாகவே காட்டும். அதனால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை எடுங்கள், வைட்டமின் டி-யையும் சேர்த்துப் பாருங்கள். அம்மா குன்யா, அதாவது வெற்றிலை, போடுகிறவரா? புகையிலை சேர்த்த வெற்றிலை என்றால் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே விட வேண்டும், ஆறும் வரை தொடக்கூடாது. புகையிலை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், சுண்ணாம்பு பச்சைப் புண்ணை அரிக்கும். ஸ்டீராய்டோடு இதுவும் சேர்ந்தால் தூள் வைக்கவே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குச் சீழ் பிடித்தாலும் வீக்கம், காய்ச்சல், வலி அவ்வளவாகத் தெரியாது. "வலி இல்லை, அதனால் நன்றாக இருக்கிறது" என்று நினைத்து ஊரிலேயே இருந்துவிடாதீர்கள். முதல் மாதத்தில் வாரம் ஒரு முறை யாராவது பல் டாக்டர் வாயைத் திறந்து பார்க்கட்டும், ஒவ்வொரு தடவையும் ரங்கூன் வர முடியாவிட்டால் மோல்மீனில் ஒருவரிடம் காட்டினாலும் போதும். மூக்கிலிருந்து ஒரு பக்கமாக நாற்றத்தோடு தண்ணீர் வந்தாலோ, வாயில் உப்புக் கரிக்கிற சுவையோ, மணல் மணலாகத் தூளோ வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் வாத நோய் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை வைத்து இந்த 10 மில்லிகிராமை மெதுவாக 5-க்கோ அதற்கும் கீழோ கொண்டுவர முடியுமா? மூட்டு நோய்க்கே அந்த மருந்து நல்லது. பல ஆண்டுகளாக யாரும் சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் அதே மருந்தை வாங்கிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. குறைக்க நாலைந்து மாதம் ஆகலாம், அதுவரை பல் வேலை காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது, கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று வைத்துக்கொண்டு சாப்பிடலாம். குறைக்கவே முடியாது என்று அவர் சொன்னால், சைனஸ் லிஃப்ட் இல்லாமல் இருக்கிற எலும்பிலேயே குட்டையான இம்ப்ளாண்ட் போட முடியுமா என்று பல் டாக்டரிடம் கேளுங்கள். சிடி ஸ்கேனில் அங்கே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். ஆறு, ஏழு இருந்தால் அந்த வழி பெரும்பாலும் திறந்திருக்கும், தூளே தேவைப்படாமல் போகலாம். அந்த எண்ணையும், வாத நோய் டாக்டர் சொல்கிற பதிலையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.